கேள்வி பதில்: பலகை வைத்தால் பறவை பிழைக்குமா?

கே: மும்பையில் சிவ்ரி, ஐரோளி பக்கம் பூநாரை பார்க்கக் குடும்பத்தோடு போவது வழக்கம். அரசாங்கமே சரணாலயம் என்று அறிவித்துவிட்டது, காவலுக்கு வனத்துறை இருக்கிறது. அப்புறம் எதற்கு தேசிய அளவில் இத்தனை பாதுகாப்பு அமைப்புகள், அவற்றுக்கெல்லாம் ஒரு கூட்டமைப்பு? ஃபோட்டோ போட்டு நன்கொடை வாங்கவா?
– வாசகர், செம்பூர்

ப: நன்கொடையும் வாங்குகிறார்கள்தான், சம்பளம் கொடுக்க வேண்டாமா? ஆனால் பதில் பாதி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சிவ்ரியையும் ஐரோளியையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். 2015இல் அறிவித்த தாணே க்ரீக் (கடல் உள்வாங்கிய ஓடை) பூநாரை சரணாலயம் சுமார் 17 சதுர கிலோமீட்டர், ஐரோளி பாலத்துக்கும் வாஷி பாலத்துக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவ்ரி சேறு அதற்குள் வராது. பூநாரைக்கு இந்தப் பாலக் கணக்கெல்லாம் தெரியுமா? தண்ணீர் வற்றும்போது சேற்றில் இறங்கி மேய்கிறது, தண்ணீர் ஏறியதும் நவி மும்பையில் நெருல் பக்கம் இருக்கிற நீர்நிலைகளில் போய் ஒதுங்கி நிற்கிறது, அங்கே மண்ணைக் கொட்டிக் கட்டடம் எழுப்பிவிட்டால் சரணாலயத்துக்குள் ஒரு செடியைக்கூட யாரும் தொடாமலே பறவை வராமல் போய்விடலாம்.

எல்லை போடுவது அரசின் வேலை. அந்த எல்லைக்கு வெளியே என்ன இருக்கிறது, அதில் பறவை எத்தனை என்று வருஷா வருஷம் எண்ணி வைப்பதற்கு வனத்துறையிடம் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. நம் மும்பையில் 1883இல் தொடங்கிய பி.என்.எச்.எஸ். என்கிற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், நாடு முழுக்க இருக்கும் சின்னச் சின்னப் பறவைச் சங்கங்கள், கல்லூரி ஆசிரியர்கள், ரிட்டயர் ஆனவர்கள் எல்லாரையும் சேர்த்து இந்தியப் பறவைப் பாதுகாப்பு வலையமைப்பு என்று ஒன்றை நடத்துகிறது. அவரவர் ஊர் ஏரியை அவரவர் எண்ணுவார்கள், ஆனால் எல்லாரும் ஒரே முறையில். இப்படிச் சேர்த்த விவரங்களிலிருந்து 2004இல் முக்கியப் பறவைப் பகுதிகள் என்று 466 இடங்களைப் பட்டியல் போட்டார்கள், 2016இல் அது 554 ஆனது. உங்கள் மாஹுல்–சிவ்ரி அதில் இருக்கிறது.

அந்தப் பட்டியலுக்குச் சட்டபலம் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். சிவ்ரி சேற்றின்மேல் அடல் சேது என்கிற கடல் பாலம் போகத்தான் செய்தது. ஆனால் ஒரு திட்டம் கோர்ட்டுக்கோ பசுமைத் தீர்ப்பாயத்துக்கோ போனால் முதலில் கேட்பது ஆதாரம் எங்கே என்றுதான், போன ஞாயிற்றுக்கிழமை செல்ஃபோனில் எடுத்த படம் அங்கே எடுபடாது, பல வருஷக் கணக்கு எடுபடும். 2022இல் தாணே க்ரீக் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலில் சேர்ந்ததே, அந்தத் தகுதி விதிகளில் ஒன்று, வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளுக்கு மேல் வர வேண்டும் என்பது. ‘வழக்கமாக’ என்று காட்ட, யாரோ விடியற்காலையில் எழுந்து எண்ணியிருக்க வேண்டும். 1987இலிருந்து ஜனவரி மாதங்களில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு மாதிரியான வேலைகள் இதற்குத்தான் உதவுகின்றன.

கே: திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் கழுகுக்கு அமுது படைப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இப்போது கழுகு வருவதில்லை. இங்கே மலபார் ஹில்லில் பார்சிகள் இறந்தவர் உடலைப் பறவைகளுக்கு விடும் அமைதிக் கோபுரத்துக்கும் பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, வருவது நின்றுபோய், சூரிய வெப்பத்தைக் குவிக்கும் கருவி வைத்திருக்கிறார்களாம். காட்டை அழித்ததால்தானே?
– வாசகி, மாட்டுங்கா

ப: திருக்கழுக்குன்றத்து ஜோடி வேறு இனம், அந்தக் கதை தனி. மற்றபடி இதில் காட்டின்மேல் பழி போட முடியாதம்மா. ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள், நாட்டிலேயே பேர்பெற்ற பறவைப் புகலிடம். தொண்ணூறுகளில் வெண்முதுகுப் பாறுகள் கழுத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்து செத்து விழுவதை பி.என்.எச்.எஸ். ஆய்வாளர்கள் கண்டது அந்தப் பூங்காவுக்குள்ளேதான். வேலியும் காவலும் எல்லாம் இருந்தும் அந்த இனம் நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டது.

காரணம் டைக்ளோஃபெனாக், நாம் மூட்டுவலிக்கு ஊசி போட்டுக்கொள்ளும் அதே மருந்து. பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னது. வலிக்கு இந்த ஊசி போட்ட மாடு சீக்கிரமே செத்தால், அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுவிடும். நூறு மாட்டுப் பிணத்தில் ஒன்றுக்கும் குறைவாக இந்த விஷம் இருந்தாலே மொத்த இனமும் சரிந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2006இல் கால்நடைக்குத் தடை வந்தது. உடனே மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள், ஆகவே 2015இல் குப்பியை 3 மில்லிக்குச் சுருக்கினார்கள், மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட, 2017இல் சென்னை உயர்நீதிமன்றம் தடை சரிதான் என்றது. அப்புறம் பார்த்தால் அசிக்ளோஃபெனாக் என்கிற வேறொரு வலி மருந்து மாட்டு உடம்புக்குள் போய் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது! அதற்கும் இன்னொரு வலி மருந்தான கீட்டோப்ரோஃபெனுக்கும் 2023இல் கால்நடைக்குத் தடை.

இதில் எந்த வேலை வனத்துறையுடையது, சொல்லுங்கள்? மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, கால்நடை டாக்டர்கள், கோர்ட்டு, மருந்துக்கடை என்று பல வாசல் ஏற வேண்டியிருந்தது. வாங்க வந்தவர் மாதிரி மெடிக்கல் ஷாப்பில் போய் “மாட்டுக்கு வலி ஊசி இருக்கா?” என்று கேட்டு, எந்த ஊசியை எடுத்து நீட்டுகிறார்கள் என்று எழுதிக்கொண்டு வந்த ஆட்களும் இந்தப் பாதுகாப்பு அமைப்புகளில் இருந்தவர்கள்தான். எனக்கு இதில் பிடித்த பகுதியே அதுதான்.

ஹரியானாவில் பிஞ்சோரில் அந்த மாநில வனத்துறையும் பி.என்.எச்.எஸ்.ஸும் சேர்ந்து பாறுகளைக் கூண்டில் வளர்த்துப் பெருக்குகிறார்கள். ஆனால் ஜோடிக்கு வருஷத்துக்கு ஒரே முட்டை, குஞ்சு வளர்ந்து தானே முட்டையிட அஞ்சு வருஷம்போல ஆகும், அதனால் அவசரப்பட்டு ஒன்றும் நடக்காது. வெளியே விட்ட இடத்தில் மருந்து ஊறிய மாட்டுப் பிணம் கிடந்தால் வளர்த்ததெல்லாம் வீண். நம் பக்கம் முதுமலை, மாயாறு பள்ளத்தாக்கில் காட்டிலேயே இன்னும் கூடு கட்டுகின்றன, அங்கே தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்று வனத்துறைகளும் ஒரே நாட்களில் எண்ணுகின்றன. தனித்தனி நாளில் எண்ணினால் மாநில எல்லையைத் தாண்டிப் பறந்த பறவை ரெண்டு கணக்கில் ஏறிவிடும்.

கே: சொசைட்டி சுவருக்குள் சிறுத்தை வருகிறது. பிடித்துக்கொண்டுபோய் வேறு காட்டில் விட என்ன தயக்கம்?
– வாசகர், முலுண்டு

ப: செய்து பார்த்தாகிவிட்டது. புனே மாவட்டம் ஜுன்னரில் பிடித்துப் பிடித்து வேறு இடத்தில் விட்டபோது மனிதர்மேல் தாக்குதல் கூடியது என்று சிறுத்தை ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா குழுவினர் காட்டினார்கள். 2011இல் மத்திய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகளும் இடமாற்றம் வேண்டாம் என்றுதான் சொல்கின்றன. குப்பையைத் திறந்து போடாதீர்கள், குப்பைக்கு நாய் வரும், நாய்க்கு சிறுத்தை வரும். இருட்டியதும் குழந்தைகளைத் தனியே விடாதீர்கள்.

கே: காலேஜ் மாணவன். நான் ஏதாவது செய்யலாமா? காக்கா, மைனா தவிர ஒரு பறவையும் தெரியாது.
– வாசகர், டோம்பிவிலி

ப: அந்த ரெண்டையே எண்ணுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேசுகிறது, அதற்கு அடிப்படை சுமார் 30,000 பேர் இ-பேர்ட் என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்த 3 கோடிக் குறிப்புகள். அவர்களில் பெரும்பாலோர் உங்களை மாதிரி சாதாரண ஆட்கள்தான். கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்று, பார்த்ததை மட்டும் போடுங்கள், நிச்சயமில்லாத பறவைக்கு ஊகத்தில் பெயர் வைக்காதீர்கள். கூடு இருக்கும் இடத்தை மட்டும் இன்ஸ்டாகிராமில் போட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2015இலிருந்து பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, ஊருக்குப் போனால் அதிலும் சேரலாம். ரயிலில் டிக்கெட் கிடைத்தால்!