ஆட்டுச் சத்தம் கேட்கிறதா? தற்பரிசோதனை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஜெபம், வேதவாசிப்பு, ஞாயிறு ஆராதனை எதையும் நான் விடுவதில்லை. அப்படியிருந்தும் எனக்குள் தேவனுக்கு எதிர்ப்பு இருக்குமா?

பதில்: இருக்கலாம் தம்பி. 1 சாமுவேல் 15-ஐத் திறந்து பாருங்கள். எதிரிகளான அமலேக்கியருடையது எதையும் மீதி வைக்கக் கூடாது என்பது இஸ்ரவேலின் ராஜா சவுலுக்குக் கர்த்தரிடமிருந்து வந்த கட்டளை. அவனோ அவர்களுடைய ராஜா ஆகாகையும் கொழுத்த ஆடுமாடுகளையும் தப்பவைத்தான். அப்புறம் தன்னிடம் வந்த சாமுவேல் தீர்க்கதரிசியிடம், "கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன்" என்கிறான். தெரிந்தே பொய் சொன்னான் என்று எனக்குத் தோன்றவில்லை. முக்கால்வாசி செய்தவன், முழுவதும் செய்ததாகவே நம்பிவிட்டான். சாமுவேல் வாதாடவில்லை. அப்படியானால் என் காதில் விழும் ஆடுகளின் சத்தம் என்ன என்று கேட்டார். கர்த்தருக்குப் பலியிடத்தான் வைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. எனக்கு நடுக்கம் தருவது அந்தப் பதில்தான். கீழ்ப்படியாமைக்கும் பக்திச் சட்டை போட்டுவிட முடிகிறதே!

கேள்வி: என்னிடம் அந்தச் சத்தம் எங்கே கேட்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தனியாக உட்கார்ந்து மனதைத் தோண்டாதீர்கள். இருதயம் திருக்குள்ளது, அதாவது வஞ்சகமானது என்கிறார் எரேமியா தீர்க்கதரிசி. திருடனையே விசாரணைக்கு அனுப்பினால் என்ன தெரியவரும்? 139-ஆம் சங்கீதத்தில் தாவீது "தேவனே, என்னை ஆராய்ந்து" என்று அவரிடமே கேட்கிறார். அப்படிக் கேட்டுவிட்டு, யார் பேர் வந்தால் பேச்சை மாற்றுகிறீர்கள், எந்த வசனத்தைச் சட்டென்று தாண்டிப் போகிறீர்கள் என்று கவனியுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். சொத்துத் தகராறில் எட்டு வருடம் அண்ணனோடு பேசவில்லை. ஆலயத்தில் அப்பமும் ரசமும் பெறும் இராப்போஜனத்துக்கு முன் ஒவ்வொரு முறையும் பாவ அறிக்கை செய்வேன். அண்ணன் பேர் மட்டும் அதில் வராது. கேட்டவர்களிடம் "அவருக்காக ஜெபிக்கிறேன்" என்பேன். பேசாமலிருக்க அந்த ஜெபமே எனக்கு வசதியாகிவிட்டது. சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டுக் காணிக்கை செலுத்தச் சொல்லும் மத்தேயு 5:23-24-ஐ எத்தனையோ முறை படித்திருக்கிறேன். நமக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அங்கே இல்லை, அவனுக்கு நம்மேல் குறை இருந்தால் என்று இருக்கிறது. அது ஒருநாள்தான் உறைத்தது. அன்று சாயங்காலமே போன் செய்தேன். கை நடுங்கியது.

கேள்வி: எனக்கு எதைச் செய்தாலும் குற்றமாகவே தெரிகிறது. இரவில் தூக்கமும் இல்லை.

பதில்: சகோதரி, நீங்கள் இந்தப் பரிசோதனையைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவிடம் வந்தபோது, அவர் கொல்லவைத்த உரியாவின் பேரைச் சொல்லி, செய்தது இன்னதென்று காட்டினார். பேர் ஊர் இல்லாமல் நெஞ்சை அழுத்தும் பாரம் அந்த வகையல்ல. நம் இருதயம் நம்மைக் குற்றவாளியாகத் தீர்த்தாலும் தேவன் அதைவிடப் பெரியவர் என்கிறது 1 யோவான் 3:20. தூக்கமின்மை தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள்; அது விசுவாசக் குறைவு இல்லை.

கேள்வி: அப்பா இறந்ததிலிருந்து தேவன்மேல் கோபமாக இருக்கிறது. அவரிடமே சொல்லலாமா?

பதில்: சொல்லுங்கள் தம்பி. யோனா தீர்க்கதரிசி நினிவே பட்டணத்துக்குப் போய்ப் பிரசங்கித்தும் விட்டான், தேவன் அந்த ஊரை அழிக்காமல் விட்டதால் உள்ளே எரிச்சல் அடங்கவில்லை. எரிச்சலாயிருப்பது நல்லதுதான் என்று கர்த்தரிடமே சொன்னான். அவர் அவனைத் துரத்தவில்லை, கேள்வி கேட்டுப் பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் புத்தகம் முடிவதும் அவருடைய கேள்வியோடுதான். இன்றிரவு கதவைச் சாத்திக்கொண்டு, அப்பாவைப் பற்றி அவரிடம் வாய்விட்டுப் பேசுங்கள்.