தம்பலகாமத்து வயலை விற்க முதல் இதை வாசியுங்கள்

திருகோணமலை பாலையூற்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் உயர்தரம் உயிரியல் பிரிவில் இரண்டாந்தரமும் எடுத்துப் பார்த்துவிட்டாள். இரண்டு சீ, ஒரு எஸ். மருத்துவ பீட வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் இல்லை. லண்டன் மாமா வெளிநாட்டில் ஒரு மருத்துவக் கல்லூரி பார்த்து வைத்திருக்கிறார். பாதிக் காசு தான் தருவாராம், மீதிக்குத் தம்பலகாமத்து வயலை விற்கட்டாம். பிள்ளை வாய் திறக்கிறாள் இல்லை. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் இப்படி ஒரு வரி: "பௌதிகவியல் செய்முறை என்றால் சாப்பாட்டையும் மறந்து நிற்பாள். வீட்டு ஃபான், அயன் பெட்டி எல்லாம் அவள்தான் கழற்றிப் பூட்டுவது. உயிரியல் நாங்கள் எடுக்கச் சொன்னது."

அம்மா, உங்கள் கடிதத்தில் உருப்படியான வரி அதுதான். முதல் வரியாக அதை எழுதியிருக்க வேண்டும்.

வெளிநாட்டு மருத்துவப் படிப்பு ஐந்து ஆறு வருஷம். முடித்து வந்தாலும் இலங்கை மருத்துவ சபையின் ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் சித்தியடையாமல் இங்கே உள்ளகப் பயிற்சிக்குக்கூடப் போக முடியாது. அதை முதல் தடவையிலேயே தாண்டாதவர்களும் இருக்கிறார்கள். அந்த இடைவெளியில் சம்பளம் இல்லை, வயலும் இல்லை. மாமா பாதிதான் தருகிறார், மற்றப் பாதியின் முழுப் பாரமும் உங்கள் தலையில். விருப்பமில்லாத பிள்ளையின் படிப்புக்காக நெல் விளைகிற நிலத்தை விற்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. சொந்தக்காரர் கேட்டால் "ஆலோசகர் வேண்டாம் என்று சொன்னார்" என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

வங்கி, ஆசிரியர் கலாசாலை, கணினி, கணக்கியல் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவை உங்களுக்குத் தெரிந்தவை. சம்பூரில் சூரிய மின் நிலையம் என்ற பேச்சு தொடங்கியதிலிருந்து சோலார் பூட்டுகிற வேலையையும் எல்லோரும் சொல்கிறார்கள், அதையும் விடுகிறேன். நான் சொல்வது ஆஸ்பத்திரி மின் பாதுகாப்பும் மருத்துவ உபகரணப் பராமரிப்பும். துறைக்குள் இருப்பவர்கள் சுருக்கமாக "பயோமெடிக்கல்" என்பார்கள்.

மின்சாரம் கசிந்தால் தானே துண்டித்துவிடும் வீட்டு ரிப் சுவிச் 30 மில்லிஅம்பியர் கசிவுக்கு விழும். தோல் வழியாகப் போகும் மின்சாரத்துக்கு அந்த அளவு காவல் போதும். இதயத்துக்குள் குழாய் செருகப்பட்ட நோயாளிக்கு அது காவலே அல்ல. தோலின் தடையைத் தாண்டி நேரே இதயத் தசைக்குப் போகும் மின்சாரம் மிகச் சிறிதாக இருந்தாலும் துடிப்பைக் குழப்பிவிடும். அதனால் இதயத்தைத் தொடும் சீ.எஃப். வகை உபகரணங்களில் நோயாளிக்குப் போகும் கசிவு வழமை நிலையில் 10 மைக்ரோஅம்பியரைத் தாண்டக் கூடாது, ஒரு பழுது வந்த நிலையிலும் 50ஐத் தாண்டக் கூடாது என்று மருத்துவ மின் உபகரணங்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.ஈ.சி. 60601 சொல்கிறது. ரிப் சுவிச் விழும் அளவு அந்தப் 10ஐப் போல 3000 மடங்கு. இந்த வித்தியாசம் புரிந்த ஆளை, வீட்டு வயரிங் மட்டும் தெரிந்தவரை வைத்து ஈடுசெய்ய முடியாது.

ஒரு மருந்தேற்றும் பம்ப் சோதனைக்கு வருகிறது என்று வையுங்கள். முதல் வேலை கண்ணுக்கு: பிளக், ஃபியூஸ், வயர் உள்ளே நுழையும் இடத்தில் வெடிப்பு. பழுதுகளில் ஒரு பெரிய பங்கு இங்கேயே பிடிபடும். உலோகப் பெட்டியுள்ள உபகரணமென்றால் அடுத்து ஏர்த். பிளக்கின் ஏர்த் முனையிலிருந்து பெட்டி வரைக்கும், வயரோடு சேர்த்து, தடை 0.3 ஓமுக்குள் இருக்க வேண்டும். அளக்கும்போது வயரை வளைத்து வளைத்துப் பார்க்க வேண்டும். அசையாமல் இருக்கையில் நல்ல இலக்கம் காட்டி, வளைத்தவுடன் துள்ளினால் உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன. பிறகு அனலைசர் என்ற சோதனைக் கருவியில் கசிவு. கடைசியாக, பம்ப் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்று: மணிக்கு 100 மில்லிலீற்றர் என்று போட்டு, அளவுசாடியில் ஒரு மணித்தியாலம் பிடித்து, தயாரிப்பாளர் சொல்லும் வழுவுக்குள் (பல பம்புகளுக்கு 5 சதவீதம்) வருகிறதா என்று பார்க்க வேண்டும். குழாயை நெரித்துப் பிடித்து அடைப்பு அலாரம் அடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவ்வளவையும் திகதி, தொடர் இலக்கம், கையொப்பத்தோடு எழுதி ஸ்ரிக்கர் ஒட்டினால்தான் சோதனை முடிந்தது.

வார்ட்டில் எது எதனால் பிழையாகிறது என்று பாருங்கள். கட்டிலடியில் ஒரே எக்ஸ்ரென்ஷன் வயரில் நாலு உபகரணம். தனித்தனியே நாலும் சோதனையில் தேறியிருக்கும், ஆனால் நாலின் கசிவும் கூடி ஒரே ஏர்த் கம்பியால்தான் போகிறது. அந்தக் கம்பி அறுந்தால் அவ்வளவும் நோயாளி வழியே திரும்பப் பார்க்கும். சத்திரசிகிச்சைக் கூடத்தின் முக்கிய இணைப்புகளில் ரிப் சுவிச்சே போடுவதில்லை, ஒரு பழுதில் எல்லாம் அணைந்துவிடும் என்பதால். அங்கே மின்சாரத்தை ஏர்த்திலிருந்து பிரித்து வைக்கும் பிரிப்பு மின்மாற்றி இருக்கும். முதல் பழுதில் மின்சாரம் நிற்காது, காப்பைக் கண்காணிக்கும் காவல் மானியின் அலாரம் மட்டும் அடிக்கும். காப்புத் தடை 50 கிலோஓமுக்குக் கீழே போவதற்கு முன் அது அடித்தாக வேண்டும். சத்தம் தொல்லை என்று யாராவது அலாரத்தை அமத்திவிட்டுப் போய், இரண்டாம் பழுதும் வந்தால்? வெட்டிய வயிறு வெட்டியபடி கிடக்க மின்சாரம் போகும்.

திருகோணமலைக்கென்று தனிப் பிரச்சினைகளும் உண்டு. உப்புக் காற்று ஏர்த் இணைப்புகளில் பச்சைப் பாசிபோலத் துருவைப் படிய வைக்கும். கச்சான் வீசும் ஆனி ஆடியில் நிலம் காய, ஏர்த் கோலின் தடை ஏறும். மாரியில் மட்டும் அளந்து பதிவு வைத்தால் அந்தப் பதிவு ஏமாற்றும். யூ.பி.எஸ். பற்றரிக்கு 25 பாகை செல்சியஸ்தான் கணக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். 35 பாகை அறையில் வைத்த ஐந்து வருஷப் பற்றரி இரண்டரை வருஷத்தில் முடிந்துவிடும். 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்க மின்சாரம் போனது போன்ற நாட்களில்தான் அது தெரியவரும். ஜெனரேட்டர் கிளம்பாமல் போவதற்கும் அநேகமாக எஞ்சின் காரணமில்லை, அதைக் கிளப்புகிற பற்றரிதான்.

"அப்படியென்றால் மருத்துவத்தோடு ஒரு தொடர்பும் இல்லாமல் போய்விடுமே" என்று நீங்கள் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு, மருத்துவ ஆய்வுகளையே பாருங்கள். 2018இல் வெளியான ட்ரையம்ப் ஆய்வு இலங்கையில் நடந்தது. உயர் இரத்த அழுத்தம் உள்ள 700 பேர். மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாகக் கொடுத்ததில் ஆறு மாதத்தில் 70 சதவீதமானோர் இலக்கு அழுத்தத்துக்கு வந்தார்கள், வழமையான சிகிச்சையில் 55 சதவீதம். இப்படியான ஆய்வின் முடிவு முழுவதும் அழுத்தமானி காட்டுகிற இலக்கத்தில் நிற்கிறது. மானி 5 மில்லிமீற்றர் கூட்டிக் காட்டினால் இலக்கை அடைந்தவரும் அடையாதவராகிவிடுவார். மானியை ஒப்பீட்டு மானியோடு பூட்டி 3 மில்லிமீற்றர் வித்தியாசத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது யார்? இரத்த மாதிரி வைத்த மைனஸ் 80 பாகை உறைபெட்டியின் வடிகட்டியில் தூசி அடைத்து, கம்பிரஸர் சூடேறி நிற்கும்போது அலாரத்துக்கு ஓடி வருவது யார்? ஆய்வு மருந்து வைத்த 2 முதல் 8 பாகைக் குளிர்பெட்டியின் வெப்பப் பதிவில் ஓர் இரவு விடுபட்டுப்போனால், அந்த மருந்தைக் கொடுக்கலாமா என்று முடிவாகும் வரை ஒதுக்கித்தான் வைக்க வேண்டும். ஜீ.சி.பி. என்ற நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறைப் பயிற்சி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. உபகரணமும் தெரிந்து, ஜீ.சி.பி. சான்றிதழும் கையில் வைத்திருக்கும் ஒருத்தியை ஆய்வுக் குழு லேசில் விடாது.

வழி இதுதான். அரச தொழில்நுட்பக் கல்லூரியில் மின் தொழில்நுட்பம், என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமையில் 4ஆம் நிலை. திருகோணமலையிலேயே கல்லூரி இருக்கிறது. பிறகு 5, 6, அதாவது டிப்ளோமாவும் உயர் டிப்ளோமாவும். அதற்கு யாழ்ப்பாணம் அல்லது கிளிநொச்சியின் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் என்று வெளியே போக நேரலாம். விரும்பினால் அதன்பின் ரத்மலானையில் யூனிவொடெக் என்ற தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்தில் பட்டம். எங்கே போனாலும் செலவு தங்குமிடமும் சாப்பாடும்தான், வயல் விலை இல்லை. மாமாவுக்கு உதவ மனமிருந்தால் அந்த வாடகையைக் கொடுக்கட்டும், ஆங்கில வகுப்புக்கும் கொடுக்கட்டும். உபகரணக் கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில், அதில் மட்டும் சலுகை கிடையாது. கருவியென்று வாங்கவேண்டியது நல்ல மல்ரிமீற்றர் ஒன்றும் 1000 வோல்ற்றுக் காப்புள்ள திருப்புளித் தொகுதி ஒன்றும். அனலைசர் பல இலட்சம், அதை வேலை கொடுப்பவர் வாங்குவார்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். அரச பதவிகள் குறைவு. உபகரணம் விற்கும் நிறுவனங்கள் கொழும்பில்தான் கூடுதல், முதல் சில வருஷம் அங்கிருந்து கந்தளாய், கிண்ணியா, மூதூர் ஆஸ்பத்திரிகளுக்குச் சேவைக்கு வந்துபோக வேண்டியிருக்கும். இரவிலும் அழைப்பு வரும். "பெண்பிள்ளைக்கு வயர் வேலையா" என்று பெரியம்மா கேட்பா. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவிரவாக நிற்கும் தாதியர்களில் அநேகர் பெண்பிள்ளைகள்தானே என்று கேளுங்கள். ஒன்றில் மட்டும் நீங்களே கண்டிப்பாக இருங்கள்: முதல் வருஷத்தில், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேற்றரின் மூடியைத் தனியே திறக்க விடாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் மின்னைச் சேமிக்கும் கொள்ளளவியில் ஆயிரக்கணக்கான வோல்ற்று நிற்கக்கூடும். அயன் பெட்டி கழற்றிய துணிச்சல் அங்கே ஆபத்து.

கல்லூரி அலுவலகத்துக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், பேச்சை அவளிடமே விடுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதியோடு அவள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று: "நிறுவனப் பயிற்சிக்கு எங்கே அனுப்புவீர்கள்?" வீட்டு வயரிங் ஒப்பந்தக்காரரிடம் என்று பதில் வந்தால், ஆஸ்பத்திரிப் பராமரிப்புப் பிரிவிலோ மருத்துவ உபகரண நிறுவனத்திலோ தானே இடம் தேடிக் கடிதம் கொண்டுவந்தால் ஏற்பீர்களா என்று அங்கேயே கேட்கட்டும். ஓம் என்றால் முதல் தவணையிலேயே கடிதம் எழுதத் தொடங்க வேண்டும், கடைசி மாதத்தில் போனால் அந்த இடங்கள் நிரம்பியிருக்கும்.