மர உருவங்கள் செதுக்க முதலில் என்ன வாங்கலாம்?

கேள்வி: கையால் சிறிய மர உருவங்கள் செதுக்கப் பழகுகிறேன். வடிவம் எடுக்கவும் வழவழப்பாக்கவும் என்ன கருவிகள் வேண்டும்? மின்சார ரோட்டரி கருவி வாங்கலாமா?

இப்போதைக்கு மின்கருவி வேண்டாம். நான் களியக்காவிளைப் பக்கம். குமிழ் மரத்தில் யானை, பறவை என்று செதுக்கி வருகிறேன். தொடக்கத்தில் நானும் ரோட்டரிதான் வாங்கினேன். நிமிடத்துக்கு 30,000 சுற்று ஓடும் முனை பட்டதும் யானையின் கண்ணிமை போய்விட்டது, சுற்றிலும் மரம் கருகியது.

பிறகு ஊரில் ஒரு மூத்த ஆசாரியிடம் போனேன். என் உளியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மக்களே, இதுக்கு வாயே இல்லியே. மொதல்ல கல்லுல தீட்டு, பொறவு மரத்தத் தொடு" என்றார். அதையேதான் உங்களுக்கும் சொல்வேன். ஒரு பட்டை உளி, ஒரு குழி உளி, ஒரு சின்னக் கத்தி, உளியைத் தட்டக் கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) போதும். மிச்சப் பணத்தை நல்ல சாணைக்கல்லில் போடுங்கள். கூரான உளி சீவிய இடம் தானாகவே மினுங்கும். தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் பூமுகத்தின் (முகப்பு மண்டபத்தின்) மேற்கூரையை அண்ணாந்து பாருங்கள். அங்கே 90 விதமான பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். உளி என்னவெல்லாம் செய்யும் என்று அங்கே தெரியும்.

உருட்டி வடிவம் எடுக்க, ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் வளைவுமான மர அரம் ஒன்று போதும்.

உப்புத்தாள் கடைசி வேலை. உளி வேலை முழுக்க முடிந்த பிறகே தாளைத் தொடுங்கள். தாளின் மணல் துகள் மரத்தில் பதிந்துவிடும். அப்புறம் உளி வைத்தால் முனை மழுங்கும். தாளின் எண் கூடக் கூட அது மென்மையாக இருக்கும். 120, 180, 220 என்று படிப்படியாக, மர ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல் எண்ணெய் பூசும்போது பல்லிளிக்கும். 220 முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். நார் எழும்பி நிற்கும், அதை 320 தாளால் லேசாக எடுங்கள். காது மடிப்பு, கால் இடுக்குக்கு மூங்கில் குச்சியில் தாளைச் சுற்றிக்கொள்ளலாம். எங்கள் பக்கம் தேரக இலையையும் காயவைத்துத் தேய்ப்பார்கள். சொரசொரப்பான இலை, வளைவுகளில் நன்றாகப் படியும்.

தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் இருக்கிறது.

கை பழகிய பிறகு ரோட்டரி வாங்கலாம். உருவத்தின் கால்களுக்கு நடுவே குடைய மட்டும், குறைந்த வேகத்தில் வையுங்கள். உருவத்தின் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.