மீனுக்குள்ளும் ஒரு ஆனந்தம்

கேள்வி: கஞ்சாவைப் போலச் செயல்படும் பொருள் மீன் உடலிலேயே உருவாகிறதாமே? இனப்பெருக்கத்தில் அதற்கு என்ன வேலை?

பதில்: மீனில் மட்டுமல்ல, தவளை, எலி, மனிதர் என எல்லா முதுகெலும்பிகளிலும் உண்டு. 1992-இல் பன்றி மூளையில் கண்டறியப்பட்ட ஆனந்தமைடு (ஆம், நம் 'ஆனந்தம்'தான்), அதன்பின் கண்டறியப்பட்ட 2-ஏஜி இரண்டும் முக்கியமானவை. கஞ்சா என்றதும் போதை நினைவுக்கு வரும்; இவையோ தேவையான இடத்தில் உருவாகி, வேலை முடிந்ததும் நொதிகளால் சிதைக்கப்படும் கொழுப்புப் பொருள்கள்.

இவை பற்றிக்கொள்ளும் சிபி1 ஏற்பி (இவற்றின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் புரதம்) மீனின் மூளை, விந்தகம், சூலகம் மூன்றிலும் இருக்கிறது. அளவுதான் இங்கே எல்லாம். எலியின் விந்தகத்தை ஒட்டிய எபிடிடிமிஸ் என்ற சுருள்குழாயைப் பாருங்கள்: தலைப்பகுதியில் 2-ஏஜி அதிகம், அதனால் விந்தணு அசையாமல் கிடக்கும், வால்பகுதியில் அளவு இறங்கியதும் நீந்தும் திறன் வரும். பெண் எலியில் சிபி1-ஐ நீக்கினால் கருக்கள் பல கருக்குழாயிலேயே சிக்கிக்கொள்கின்றன. ஆனந்தமைடு மிகுந்தாலும் ஆபத்து: கரு கருப்பையில் ஒட்டாது.

முட்டையிடும் மீன்களில் இந்த ஒட்டும் கட்டமே கிடையாது. அங்கே மூளையின் ஹார்மோன் கட்டளையிலும் சூலகம், விந்தகத்திலும்தான் வேலை. பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் டிஐஎன்பி, வரிக்குதிரை மீனின் இனப்பெருக்க உறுப்புகளில் இந்த அமைப்பைக் குலைப்பது ஆய்வகத்தில் காணப்பட்டிருக்கிறது.