சாம்பலாக ஊர் வந்த தம்பி எப்படி உயிர்த்தெழுவான்?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தம்பி மூன்று மாதங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டான். உடலை ஊருக்குக் கொண்டுவர முடியாமல் அங்கேயே தகனம் செய்தோம். குடுவையில் வந்த சாம்பல் எங்கள் வீட்டு மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், “எரித்தவர்களுக்கு உயிர்ப்பு கிடையாது” என்று சொன்னதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. “கடைசி நாளில் எல்லாரும் கல்லறையிலிருந்து எழும்பும்போது என் பிள்ளை எங்கிருந்து எழும்புவான்?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். சாம்பலை என்ன செய்வது? கடலில் கரைத்துவிடலாமா?

பதில்: சகோதரி, இன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். எரித்ததால் உங்கள் தம்பியின் உயிர்ப்புக்கு எந்தக் குறையும் வராது. ஆறுதலுக்காக நானாகச் சொல்வது என்று நினைக்க வேண்டாம். எரிப்பது ஆன்மாவைத் தொடுவதில்லை, அந்த உடலை மீண்டும் எழுப்பக் கடவுளுக்கு அது தடையும் இல்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையே எழுத்தில் சொல்லியிருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவர்மேல் கோபப்படாதீர்கள். சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் கேட்டதை அவர் சொல்லியிருப்பார். 1886-ல் ரோமில் உள்ள திருச்சபைத் தலைமை எரியூட்டலைத் தடை செய்தது. ‘செத்தால் எல்லாம் முடிந்தது’ என்று காட்டுவதற்கென்றே ஐரோப்பாவில் சிலர் அன்றைக்கு உடலை எரிக்கச் சொன்னார்கள். அந்த நோக்கத்தை எதிர்த்துத்தான் தடை வந்தது. 1963-ல் அது நீக்கப்பட்டது. இப்போதைய திருச்சபைச் சட்டம் அடக்கத்தையே விரும்புகிறது. ஆனால் கிறிஸ்தவ நம்பிக்கையை மறுப்பதற்காகத் தேர்ந்தெடுத்தால் ஒழிய, எரியூட்டலைத் தடுப்பதில்லை. உங்கள் வீட்டில் நடந்தது அப்படியில்லையே.

ஆனால் அம்மாவின் கேள்வி சட்டத்தைப் பற்றியது இல்லை. அந்தக் கேள்வி ரொம்பப் பழையது. கி.பி. 177-ல் பிரான்சின் லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்களைக் கொன்றார்கள். தொண்ணூறு வயது தாண்டிய ஆயர் பொத்தினுசும் பிளாந்தினா என்ற அடிமைப் பெண்ணும் அவர்களில் இருந்தார்கள். கொன்றவர்கள் அதோடு விடவில்லை. உடல்களை ஆறு நாள் வெளியில் போட்டு, பிறகு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். இவர்கள் எப்படி உயிர்த்தெழுகிறார்கள் பார்ப்போம் என்பதுதான் அவர்கள் எண்ணம். ஒரு பிடி சாம்பல்கூட யாருக்கும் கிடைக்கவில்லை. அந்த ஊருக்கு அடுத்த ஆயராக வந்தவர் புனித இரேனியு. உடலும் உயிர்த்தெழும் என்று அந்தக் காலத்தில் அவரைப்போல அழுத்தி எழுதியவர்கள் குறைவு. தன் மக்களின் சாம்பல் ஆற்றோடு போன ஊரில் இருந்துகொண்டு எழுதினார். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

உயிர்ப்பு என்றதும், உதிர்ந்த எலும்புகளைப் பொறுக்கி ஒட்ட வைப்பதுபோல நினைத்துக்கொள்கிறோம். அப்படிப் பார்த்தால் மண்ணில் புதைத்தவர்களுக்கும் அதே சிக்கல்தான், நூறு வருடத்தில் அங்கேயும் மண்தான் மிஞ்சும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15-ம் அதிகாரத்தில் பவுல் இதற்கு விதையைக் காட்டுகிறார். அம்மா தொட்டியில் அவரை விதை போட்டிருந்தால் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். போட்ட விதை இருக்காது, வற்றிப்போன தோல் இருந்தால் உண்டு. ஆனாலும் அது அவரைச் செடிதான், வேறொன்றாக முளைக்கவில்லை. விதைத்தது அழிவுக்குரியது, எழுவது அழியாதது என்கிறார் பவுல்.

இயேசு உயிர்த்ததும், இறந்த லாசரை அவர் எழுப்பியதும் ஒன்றில்லை. யோவான் நற்செய்தியின் 11-ம் அதிகாரத்தில் லாசர் கை கால் கட்டோடு, முகத்தைச் சுற்றிய துணியோடு வெளியே வருகிறார். “கட்டுகளை அவிழ்த்துவிடுங்கள்” என்று இயேசு சொல்ல வேண்டியிருந்தது. லாசர் பழைய வாழ்வுக்கே திரும்பினார், மறுபடியும் இறக்கத்தான் வேண்டும். 20-ம் அதிகாரத்தில் இயேசுவின் கல்லறைக்குள் பேதுரு நுழைகிறார். துணிகள் கிடக்கின்றன, தலையை மூடியிருந்த துண்டு மட்டும் தனியாகச் சுருட்டி வைத்திருக்கிறது. அவிழ்த்துவிட யாரும் தேவைப்படவில்லை. சாவு இனி தொட முடியாத வாழ்வுக்குள் இயேசு போய்விட்டார். கிறிஸ்தவர்கள் உயிர்ப்பு என்று சொல்வது இதைத்தான். நம்பிக்கை அறிக்கையில் ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடுவதும் அந்த வாழ்வில் நமக்குக் கிடைக்கப்போகும் பங்கைத்தான்.

அப்படியானால் வெறும் ஆவியா? அதுவும் இல்லை. பயந்துபோன சீடர்கள் முன்னால் இயேசு ஒரு துண்டு வேகவைத்த மீனை வாங்கிச் சாப்பிட்டார் என்று லூக்கா எழுதுகிறார். கையில் ஆணித் தழும்பு அப்படியே இருந்தது. எழுகிறவர் வேறு ஆள் இல்லை, வாழ்ந்த வாழ்க்கையின் அடையாளங்களோடு அதே ஆள்.

அம்மா வெளியே சொல்லாத இன்னொரு பயமும் இருக்கலாம், “என் பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியுமா?” என்று. உயிர்த்த இயேசுவை மகதலா மரியாவுக்கும் முதலில் அடையாளம் தெரியவில்லை, தோட்டக்காரர் என்றுதான் நினைத்தார். “மரியா” என்று இயேசு பேர் சொல்லிக் கூப்பிட்டதும் தெரிந்துவிட்டது. யோவான் 20-ம் அதிகாரத்தில் வரும் அந்தப் பகுதியை இன்று ராத்திரி ஜெபத்துக்கு அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சரி, சாம்பலுக்கு வருவோம். கடலில் கரைக்க வேண்டாம். சாம்பலைத் தூவுவதையும், ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்வதையும், வீட்டில் வைத்துக்கொள்வதையும் 2016-ல் வந்த ரோமின் அறிவுரை ஏற்பதில்லை. காரணம் உங்கள் அம்மாவுக்கு நன்றாகப் புரியும். அது திருமுழுக்குத் தண்ணீர் பட்ட உடல், நற்கருணை வாங்கிய உடல். அதற்கென்று ஒரு புனிதமான இடம் வேண்டும், நான்கு பேர் வந்து ஜெபிக்கிற இடமாக இருக்க வேண்டும். வீட்டில் வைத்தால் அடுத்த தலைமுறையில் அந்தக் குடுவை யாருடையது என்றே தெரியாமல் போய்விடும். சாம்பலில் சிறு பகுதியை மட்டும் இறந்தவரின் வாழ்க்கையோடு தொடர்புள்ள இடத்தில் வைக்கக் குடும்பத்தினர் கேட்டால், திருச்சபை அதிகாரிகள் சூழ்நிலையைப் பார்த்து அனுமதிக்கலாம் என்று 2023 டிசம்பரில் ஒரு விளக்கம் வந்தது. உங்களுக்கு அது தேவைப்படும் என்று தோன்றவில்லை.

பங்குத்தந்தையைப் பாருங்கள். இறப்புச் சான்றிதழையும் தகனச் சான்றிதழையும் எடுத்துப் போங்கள். உங்கள் குடும்பக் கல்லறை இருந்தால் அதிலேயே குடுவையை அடக்கம் செய்யலாமா என்று கேளுங்கள், அதற்குச் சின்ன இடம் போதும். சிங்கப்பூரில் திருப்பலி வைத்திருந்தாலும் ஊரில் இன்னொன்று வையுங்கள். அம்மா அந்தச் சடங்கு எதையும் பார்க்கவில்லையே.

அந்நிய மண்ணில் இறந்துபோனானே என்று அம்மா அழுதால் புனித மோனிக்காவைப் பற்றிச் சொல்லுங்கள். வட ஆப்பிரிக்காவில் தாகாஸ்தே ஊர்க்காரர். கணவர் பக்கத்தில் அடக்கமாக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசைப்பட்டவர். கடைசியில் 387-ல் ரோமுக்குப் பக்கத்தில் ஒஸ்தியாத் துறைமுகத்தில் இறந்தார். இவ்வளவு தூரத்தில் உடலை விட்டுப்போகப் பயமில்லையா என்று கேட்டவர்களிடம், கடவுளுக்கு எதுவும் தூரமில்லை என்றார். மகன் அகுஸ்தினாரிடம் அவர் கேட்டது ஒன்றுதான், பலிபீடத்தில் என்னை நினைத்துக்கொள்.

அடக்கத்தன்று குடுவையை அம்மாவே கையில் வாங்கிக் கல்லறைவரை கொண்டுபோகட்டும். யாராவது “நீங்க விடுங்கம்மா” என்று வாங்க வந்தால் தடுத்துவிடுங்கள். குழிக்குள் வைக்குமுன் தம்பியின் பேரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட அம்மாவை விடுங்கள்.