மேட்டில் இழுக்காத பஸ்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: துன் சார்டோன் சாலை வழியாகப் பாலிக் புலாவுக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறேன். பழைய பஸ், டர்போ இல்லாத 3.9 லிட்டர் டீசல் எஞ்சின். சமதரையில் ஓடுகிறது. மேட்டில் இரண்டாவது கியரிலும் இழுக்கவில்லை. புகை வருவதில்லை. எஞ்சினைப் பிரிக்கவேண்டும் என்கிறார்கள். பிரிக்கலாமா?
– பாயா தெருபோங் வாசகர்

பதில்: இப்போது பிரிக்காதீர்கள். புகை இல்லை என்பதுதான் நீங்கள் எழுதியதிலேயே பெரிய துப்பு. காற்று போதாவிட்டால் கரும்புகை வரும். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் நீலப்புகை. டீசல் எரியாமல் வெளியேறினால் வெண்புகை. புகையும் இல்லை, இழுவையும் இல்லை என்றால் எஞ்சினுக்கு டீசல் போதுமான அளவு போய்ச் சேரவில்லை என்றே முதலில் சந்தேகிக்கவேண்டும்.

எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவரை ஆக்சிலேட்டரை அடிவரை மிதிக்கச் சொல்லுங்கள். எஞ்சினுக்கு டீசலை அளந்து அனுப்பும் பம்பில் உள்ள நெம்புகோல் அதன் தடுப்பு ஸ்குரூவைத் தொடுகிறதா பாருங்கள். கேபிள் தொய்ந்திருந்தாலோ மிதிக்கட்டைக்கு அடியில் ரப்பர் பாய் மடிந்திருந்தாலோ தொடாது. கேபிளை இறுக்கினால் வேலை முடிந்தது.

அடுத்து டாங்கி மூடி. மேடு ஏறியவுடன் நிறுத்தித் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

பிறகு டீசல் ஃபில்டர். நம் மலேசியாவில் 2019 முதல் வண்டிகளுக்கான டீசலில் 10 விழுக்காடு பனை எண்ணெய் டீசல் கலக்கிறார்கள். பழைய டாங்கியில் ஆண்டுக்கணக்கில் படிந்த கசடை அது கரைத்துக் கொண்டுவரும். அதனால் பழைய வண்டிக்கு ஃபில்டர் மாற்ற கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பக்கூடாது. தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். பலரும் மறப்பது இன்னொன்று: பல எஞ்சின்களில், டாங்கியிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்குள் டீசல் நுழையும் இடத்தில், குழாயைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்குள் விரல்நுனி அளவில் ஒரு சல்லடை இருக்கும். புது ஃபில்டர் போட்டும் மாற்றம் இல்லை என்று வருபவர்கள் அதைக் கழற்றிப் பார்க்கவேண்டும். திரும்பப் பூட்டும்போது செம்பு வாஷர் புதிது போடுங்கள்.

இதற்கும் மசியாவிட்டால், டாங்கிக்கும் ஃபீட் பம்புக்கும் இடையே உள்ள உறிஞ்சும் பக்க ரப்பர் குழாயில் அரை மீட்டர் அளவுக்கு டீசல் தாங்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை இணைத்து எஞ்சினை முடுக்குங்கள். குமிழி ஓடினால் எங்கோ காற்று புகுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் வெடிப்பு இருந்தால் பெரும்பாலும் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஆகவே தரை காய்ந்திருக்கிறது என்று அந்தக் குழாயை ஒதுக்கிவிடாதீர்கள்.

டீசல் சரியாக இருந்தால், புகைக்குழாயை மூடி வேகத்தைக் குறைக்கும் எக்சாஸ்ட் பிரேக்கின் தகடு பாதி மூடிய நிலையில் துருப்பிடித்து நிற்கிறதா, பிரேக் ஏதாவது சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் அதிகம் மிதிக்காமல் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால், பிடிக்கும் சக்கரத்தின் ஹப் மட்டும் கொதிக்கும். கையை மெல்லக் கிட்டே கொண்டுபோனாலே தெரியும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். மொத்தம் 6 டன் எடையுள்ள பஸ், நூறு மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் மேட்டில் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏற ஏறத்தாழ 65 குதிரைத்திறன் வேண்டும். 50 கிலோமீட்டரில் ஏற 110-ஐத் தாண்டும். புதிதாக இருந்தபோதே 100 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினால் அது முடியாது. ஏர்கோனும் அதே எஞ்சினிலிருந்துதான் ஓடுகிறது. எனவே 30-இல் சீராக ஏறினால் வண்டி நலமாக இருக்கிறது என்றே பொருள். வேகத்துக்காகப் பம்பைத் தொடவேண்டாம். இருக்கைக் கணக்குக்கு மேல் ஒரு பிள்ளையைக்கூட ஏற்றவும் வேண்டாம்.

கேள்வி: செலாயாங் மொத்தச் சந்தைக்கு கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றுகிறேன். போகும்போது உரம் ஏற்றுவேன். டர்போ லோரி. ஏற்றத்தில் கரும்புகை, இழுவை குறைவு. பம்ப் ஸ்குரூவைத் திறந்தால் சரியாகும் என்கிறார் பட்டறைக்காரர்.
– கெப்போங் வாசகர்

பதில்: கூடாது. எரிக்கக் காற்று இல்லாமல் டீசல் மிஞ்சுவதால்தான் கரும்புகை. அதில் இன்னும் டீசலை ஊற்றினால் புகையும் சூடும் ஏறும். டர்போவுக்குள் நுழையும் புகைக்காற்று 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடித்தால் அலுமினிய பிஸ்டன் உருகும் ஆபத்து உண்டு. பூஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிலையத்தின் புகைச் சோதனையிலும் தோற்பீர்கள்.

முதலில் காற்று ஃபில்டரை மாற்றுங்கள். பிறகு டர்போவிலிருந்து, அது அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக எஞ்சின்வரை உள்ள ரப்பர் குழாய்களைக் கையால் முறுக்கிப் பாருங்கள். வெடிப்பு அடிப்பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும். இணைப்பில் எண்ணெய்க் கறை சுற்றிப் படர்ந்திருந்தால் அங்கே காற்று கசிகிறது. குழாயின் வாயை அடைத்து 1 பார் அழுத்தத்துக்கு மேல் போகாமல் காற்றடித்துச் சவர்க்கார நீரைத் தெளித்தால் உறுதியாகிவிடும். இதெல்லாம் சரியென்றால் டீசலைத் தெளிக்கும் நோசல்களைக் கழற்றிச் சோதனை மேசையில் தெளிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். தூவாமல் ஒழுகும் நோசலும் இதே கரும்புகையைத்தான் தரும்.

கேள்வி: பழைய பஸ்ஸுக்கு ஜப்பான் ஹாஃப்-கட் எஞ்சின் (அங்கிருந்து வெட்டிக் கொண்டுவரும் பழைய வண்டியின் எஞ்சின்) போடலாமா?
– பட்டர்வொர்த் வாசகர்

பதில்: போடலாம். எஞ்சின் எண் வண்டியின் கிரானில் (பதிவுப் பத்திரத்தில்) இருப்பதால் மாற்றத்தைச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பதியவேண்டும். வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கூடுதல் திறனுக்கு ஏற்ற கிளட்ச், ரேடியேட்டர், பிரேக் இருக்கின்றனவா என்று எஞ்சினுக்குப் பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள்.