சிங்க் நாறினால் தரையை உடைக்க வேண்டாம்; முதலில் அடிக் கதவைத் திறங்கள்

கேள்வி: சென்னைப் புறநகரில் மூன்று மாடி அடுக்ககம், எங்கள் வீடு முதல் தளம். கட்டி ஒன்பது வருடம் ஆகிறது. இரண்டு மாதமாகச் சமையலறை சிங்க்கில் சாக்கடை நாற்றம். காலையில் எழுந்ததும் குமட்டுகிறது. மேல் வீட்டில் தண்ணீர் திறந்துவிட்டால் எங்கள் சிங்க் 'குளுக் குளுக்' என்கிறது, உடனே நாற்றமும் வருகிறது. அடைப்பு எதுவும் இல்லை, தண்ணீர் நன்றாகப் போகிறது. ஆப்ப சோடாவும் வினிகரும் ஊற்றினேன். கணவர் ஆசிட் ஊற்றினார். இரண்டு நாள் பரவாயில்லை, மறுபடி அதே கதை. தரையை உடைத்து லைனையே மாற்ற வேண்டும், 22,000 ரூபாய் ஆகும் என்கிறார் பிளம்பர். மாற்றலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. தண்ணீர் நன்றாகப் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஓடுகிற லைனை உடைக்கச் சொல்பவர் உங்கள் நாற்றத்துக்கு வழி பார்க்கவில்லை, தன் மாதச் செலவுக்கு வழி பார்க்கிறார்.

விஷயம் சின்னது. எல்லா வீட்டுக் குழாயும் கடைசியில் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோதான் போய்ச் சேருகிறது. அங்கே காற்றுப் படாத இடத்தில் கிருமிகள் கழிவைத் தின்று ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவை விடுகின்றன. அழுகிய முட்டை வாடை அதுதான். அந்த வாயு குழாய் வழியே மேலே ஏறி வீட்டுக்குள் வராமல் தடுப்பது மூடியோ ரசாயனமோ இல்லை, தேங்கி நிற்கும் கொஞ்சம் தண்ணீர். குழாயை வளைத்து, அந்த வளைவில் சுமார் 50 மில்லிமீட்டர், அதாவது மூன்று விரல் அகலத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி செய்திருப்பார்கள். இதற்குத்தான் ட்ராப் என்று பெயர். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை சாக்கடை அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம். அது இல்லையென்றால் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் இரண்டு நாள்தான்.

இன்று ராத்திரி ஒன்று செய்து பாருங்கள். பாத்திரம் கழுவி முடித்ததும் சிங்க் ஓட்டையில் ஈரத்துணியை அழுத்திவைத்து, அதன்மேல் கனமான கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்துவிடுங்கள். சிங்க்கின் அடியில் இருக்கும் அலமாரிக் கதவையும் சாத்திவிடுங்கள். காலையில் முதலில் அலமாரிக் கதவைத் திறந்து முகருங்கள். முகத்தில் அடித்தால், வெள்ளைக் குழாய் தரைக்குள் நுழையும் இடத்தில் சந்து இருக்கிறது. அலமாரியில் வாடை இல்லாமல், துணியை எடுத்ததும் நாறினால், நாற்றம் குழாயின் உள்வழியாக ஏறுகிறது.

பத்து வீட்டில் ஏழெட்டில் நான் பார்ப்பது முதல் வகை. மடிப்பு மடிப்பான அந்த வேஸ்ட் பைப்பைத் தரை ஓட்டைக்குள் சும்மா செருகிவிட்டுப் போயிருப்பார்கள். இரண்டு அங்குலக் குழாய்க்குள் ஒன்றேகால் அங்குலக் குழாய், நடுவில் கந்தைத் துணி! அதற்கென்றே ரப்பர் வளையம் கடையில் விற்கிறது, விலை ஒரு காப்பிச் செலவு. பல வீடுகளில் ஆர்ஓ மெஷினின் கழிவுநீர் ட்யூபை விடுவதற்கு அதே பைப்பில் இன்னொரு ஓட்டை போட்டிருப்பார்கள். அதையும் பாருங்கள்.

ரப்பர் வளையம் போடுவதற்கு முன்பு பைப்பை உருவிவிட்டுத் தரை ஓட்டைக்குள் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி டார்ச் அடியுங்கள். உள்ளே தண்ணீர் பளபளத்தால் அங்கே ட்ராப் இருக்கிறது, வளையம் மட்டும் போதும். ஊற்றிய தண்ணீரும் நிற்காமல் இருட்டாகக் கிடந்தால் ட்ராப்பே இல்லை. அப்போது சிங்க்குக்கு அடியில் பாட்டில் ட்ராப் ஒன்று மாட்டச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய், அரை மணி நேர வேலை. அதன் அடிக்கிண்ணம் கையாலேயே கழன்று வரும். மாதம் ஒருமுறை கீழே வாளி வைத்துக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டிவிடலாம். ஆனால் 'இருப்பது போதாது, இரண்டாவது ட்ராப்பும் போடுவோம்' என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். நடுவில் காற்று மாட்டிக்கொண்டு தண்ணீர் இறங்காது. அப்புறம் அந்த அடைப்பை எடுக்க அவரே வருவார்.

இப்போது உங்கள் 'குளுக் குளுக்'. கடிதத்தில் முக்கியமான வரி அதுதான், உங்கள் பிளம்பர் கேட்கக்கூட இல்லை என்று நினைக்கிறேன். மேல் வீட்டுத் தண்ணீர் பொதுக் குழாயில் விழும்போது முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளும், பின்னாலிருந்து காற்றை இழுக்கும். அந்தக் காற்று மொட்டை மாடிவரை போகும் வென்ட் பைப் வழியாக வர வேண்டும். அது அடைபட்டிருந்தால் உங்கள் சிங்க் வழியாகத்தான் இழுக்கும். இழுக்கும்போது ட்ராப்பில் நிற்கும் தண்ணீரும் கூடவே போய்விடும். மாடிக்குப் போய்ப் பாருங்கள். கொசு வருகிறது என்று பிளாஸ்டிக் கவரைக் கட்டியிருப்பார்கள், மாடித் தரையில் தட்டோடு பதித்தவர்கள் மூடி போட்டு அடைத்திருப்பார்கள், பெயின்ட் அடிக்க வந்தவர் திணித்த சாக்கு அப்படியே இருக்கும். கொசுவுக்கு வலை கட்டலாம், மூடக் கூடாது. அனுமதி வாங்கிய வரைபடத்தில் இந்த வென்ட் பைப் அழகாக நிற்கும், சில கட்டடங்களில் மாடிக்குப் போனால் ஆளையே காணோம். சரிபார்க்க வேண்டியவர்கள் மாடி ஏறுவதில்லை. வீடு ஒப்படைக்கும்போது டைல்ஸ் கேட்லாக் தருகிறார்கள், குழாய் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு தாள் தர முடிவதில்லை. அந்த ஒரு தாள் இருந்தால் பாதிப் பேர் தரையை உடைக்க மாட்டார்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. மகன் வீடு, மகள் பிரசவம் என்று இரண்டு மூன்று மாதம் போய்விட்டு வந்து கதவைத் திறந்ததும் நாறினால், எதுவும் கெட்டுப்போகவில்லை. ட்ராப்பில் நின்ற தண்ணீர் வெயிலில் ஆவியாகிவிட்டது, அவ்வளவுதான். ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு குவளை தண்ணீர் ஊற்றி, ஜன்னலைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் பொறுங்கள். பிளம்பரைக் கூப்பிடாதீர்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் என்றால் ஒவ்வொன்றிலும்தான்: பாத்ரூம் தரை, பால்கனி, வாஷிங் மெஷின் பின்னால் இருப்பது, யாரும் புழங்காத இரண்டாவது பாத்ரூம். கிளம்பும்போதே இதில் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும். சமையலறை ஓட்டையைத் தட்டால் மூடிவிடலாம். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகிறீர்கள் இல்லையா, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் இதிலும் ஒரு குவளை ஊற்றட்டும். இதைச் சொல்லாமல் விட்டதால் ஒரு பெரியவர் இருபதாயிரத்துக்கு மேல் செலவழித்துவிட்டு என்னிடம் வந்தார். அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

ஆப்ப சோடாவும் வினிகரும் நுரைப்பது கண்ணுக்கு அழகு. நுரை கார்பன் டை ஆக்சைடு, மீதி கொஞ்சம் உப்புத் தண்ணீர். ஒன்றுக்கு ஒன்று ஆற்றலைத் தீர்த்துக்கொள்கின்றன, குழாய்க்கு ஒன்றும் மிஞ்சாது. ஆசிட் அப்படி இல்லை, அது ஆபத்து. சிங்க்கின் எவர்சில்வரை அரிக்கும். ஆசிட் ஊற்றிய குழாயில் பிளீச்சிங் பவுடர் போட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய சமையலறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். எந்தப் பொடியையும் எந்தத் திரவத்தோடும் கலக்காதீர்கள்.

ட்ராப்பில் தண்ணீர் நின்றும் உள்வழியாக நாறுகிறது என்றால் குழாயின் உள்சுவரில் பிசுக்கு படிந்திருக்கும். நம் சமையலில் இதற்குக் காரணம் சோறு வடித்த கஞ்சியும், மிக்ஸி ஜாரும் கிரைண்டரும் கழுவிய மாவுத் தண்ணீரும்தான். கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க சிங்க்கில் வடிக்காதீர்கள். பிவிசி குழாய் 80 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கும், ஆறிய கஞ்சியோ உள்ளே பசையாக ஒட்டும். எண்ணெய்ச் சட்டியைப் பழைய பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். வாரம் ஒருமுறை ஓட்டையை அடைத்து, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்து, ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். அந்த வேகம்தான் பிசுக்கைத் தள்ளும். மடிப்புக் குழாய் இரண்டு மூன்று வருடம் ஆனதென்றால் கழுவிக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் செய்தும் போகவில்லை, கீழ்த்தளத்தில் எல்லார் வீட்டிலும் நாறுகிறது என்றால் வெளியே சேம்பர், அதாவது கட்டடத்தின் கழிவுநீர் வந்து சேரும் தொட்டி, நிரம்பியிருக்கும். அது சங்கத்தின் வேலை, உங்கள் பையிலிருந்து போகக் கூடாது. மெஷின் வைத்துத்தான் எடுக்க வேண்டும். 'ஆளை இறக்கினால் சீக்கிரம் முடியும்' என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அதைவிட அங்கே இறங்குகிறவர் உயிர் போகும், முதலில் சொன்ன அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவால்.

பிளம்பரை மறுபடி கூப்பிட்டால் 'நாறுகிறது' என்று சொல்லாதீர்கள். 'ரப்பர் வளையம் மாட்ட வேண்டும், பாட்டில் ட்ராப் தேவையா என்று பார்க்க வேண்டும்' என்று சொல்லுங்கள். சாமானை நீங்களே வாங்கிவையுங்கள், அவர் சொல்லும் கடையில் வேண்டாம். அப்புறம், கணவர் வைத்திருக்கும் ஆசிட் பாட்டில் அநேகமாக சிங்க்குக்கு அடியில்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டு, குழாயில் முன்பு ஆசிட் ஊற்றியிருக்கிறோம் என்று பிளம்பரிடம் சொல்லிவிடுங்கள். வளையம் மாட்ட அவர் முகத்தை அங்கேதான் நுழைக்க வேண்டும்.